இரண்டு வேலைகளுக்கு நடுவே

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் வேலை. சினிமாவில் சேரும் ஆசையில் சென்னை. அங்கே தங்க இடமில்லை, சாப்பிடக் காசில்லை. பிறகு புதுக்கோட்டைச் சீமையில் ஒரு பத்திரிகை. அதை விட்டு இன்னொரு பத்திரிகை. அதையும் விட்டுச் சேலம்.

இன்று ஒரு கண்டென்ட் ரைட்டர் வேலைக்கு இப்படியொரு சுயவிவரம் வந்தால் அதிகாரி இரண்டாம் பக்கத்தைப் புரட்ட மாட்டார். இது கவிஞர் கண்ணதாசனின் சுயவிவரம். சிறுகூடல்பட்டியில் 1927 ஜூன் 24இல் பிறந்த முத்தையா, 1944இல் ‘திருமகள்’ பத்திரிகையில் வேலை கேட்டுப் போனபோது அவருக்கு வயது பதினேழு. அந்த வேலைக்காகச் சொன்ன பெயர்தான் கண்ணதாசன் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கேட்டவர் நம்பினார், வேலை கிடைத்தது. சில காலத்துக்குள் ஆசிரியர் பொறுப்பும் கைக்கு வந்தது.

அதே 1927 ஜூன் மாதம், மூன்று நாள் கழித்து, 27ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் டொமினிக் ஜீவா. அவருக்கும் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. சாதியின் பெயரால் வகுப்பறையில் பட்ட அவமானம் அதற்குக் காரணம். குடும்பத் தொழிலான முடிதிருத்தத்துக்குப் போனார். கதை எழுதினார். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதிக்கு இலங்கையின் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966இல் ‘மல்லிகை’ என்ற மாத இதழைத் தொடங்கினார். எந்தப் பத்திரிகை வாசலிலும் வேலை கேட்டு நின்று வளர்ந்தவர் அல்லர் அவர். சலூன்தான் அவருடைய அலுவலகம், அதன் வருமானம்தான் முதல்.

பாக்கு நீரிணையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தமிழில் எழுதிப் பிழைக்க நினைத்தவர்கள் போன இரண்டு வழிகள் இவை. ஒருவர் எழுத்தையே வேலையாக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மற்றவர் வேறொரு வேலையை வைத்துக்கொண்டு எழுத்தைக் காப்பாற்றினார். இரண்டு நாட்டிலும் எல்லாரும் அப்படியே நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரும்போக்கு அதுதான். இன்று புதுக்கோட்டையில் உட்கார்ந்து அடுத்த எழுத்து வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞருக்கு இரண்டு வழியுமே கணக்குப் பார்க்க வேண்டியவை.

முதலாளி இருந்த ஊர்

சென்னை இருக்கும்போது புதுக்கோட்டைக்கு ஏன் எழுத்து வேலை தேடி வந்தார்கள்? 1940களின் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். அதன் தென்பகுதி நகரத்தார் ஊர்கள்: இராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி, அரிமளம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்திச் சேர்த்த பணம் இந்த ஊர்களுக்கு வந்தது. வீடும் கோயிலும் பள்ளியும் கட்டிய அந்தப் பணத்தில் ஒரு பங்கு அச்சகத்துக்கும் பத்திரிகைக்கும் போயிற்று. போர்க்காலத் தாள் கட்டுப்பாடு பிரிட்டிஷ் இந்தியாவில் புதுப் பத்திரிகைகளை நெருக்கிய நேரம் அது. சமஸ்தானத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருந்தது. சிறுவர் இதழ்களும் இலக்கிய இதழ்களுமாகப் புதுக்கோட்டையிலிருந்து வரிசையாக வந்தன. பத்திரிகை என்றால் ஆள் வேண்டும். புரூஃப் பார்க்க ஒருவர், துணுக்கு எழுத ஒருவர், மேட்டர் குறைந்தால் பக்கத்தை நிரப்ப ஒருவர்.

அப்படி வந்தவர்களில் வல்லிக்கண்ணனும் உண்டு. ராஜவல்லிபுரம் ரா. சு. கிருஷ்ணசாமி என்ற அவர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. எழுத்துக்காக 1941இல் வேலையை விட்டார். பத்திரிகை வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே புறப்பட்ட கதை எழுத்தாளர் வட்டாரத்தில் பிரசித்தம். 1943இல் புதுக்கோட்டை ‘திருமகள்’, அடுத்துக் கோவை ‘சினிமா உலகம்’, பின் சென்னை ‘நவசக்தி’, அதன் பின் துறையூர் ‘கிராம ஊழியன்’. நான்கைந்து ஆண்டுக்குள் நான்கு ஊர். ‘நையாண்டி பாரதி’, ‘கோரநாதன்’ என்று பல பெயர்களில் எழுதி இதழ்களை நிரப்பினார். தலையங்கமும் கவிதையும் கிண்டலும் சினிமா விமரிசனமும் ஒரே கையிலிருந்து வந்தன. இன்று ‘கண்டென்ட்’ என்று பெயர் சூட்டியிருக்கும் வேலையை அவர் அப்போதே செய்துகொண்டிருந்தார். 1978இல் சாகித்திய அக்காதெமி பரிசு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதச் சம்பளம் என்ற ஒன்றை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

கு. அழகிரிசாமியின் பாதையும் இதே தடம். சார்பதிவாளர் அலுவலகக் குமாஸ்தா வேலையை உதறிவிட்டுச் சென்னை வந்தார். சில பத்திரிகைகளுக்குப் பின், இராயவரத்துக்காரரான வை. கோவிந்தன் நடத்திய ‘சக்தி’யில் வேலை பார்த்தார். 1953இல் கோலாலம்பூர் போய்த் ‘தமிழ் நேச’னில் சேர்ந்தார். 1957இல் திரும்பி வந்து, பிற்பாடு ‘நவசக்தி’. கோனாபட்டு முருகு சுப்பிரமணியன் 1947இல் புதுக்கோட்டையில் ‘பொன்னி’யைத் தொடங்கினார். பாரதிதாசன் பரம்பரை என்று ஒரு கவிஞர் வரிசையையே அந்த இதழ் அறிமுகப்படுத்தியது. அவரும் பிற்காலத்தில் கடல் தாண்டித் ‘தமிழ் நேச’னுக்கு ஆசிரியரானார். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பிறகு பத்திரிகை முதலாளிகளும் ஆட்களும் சென்னைப் பக்கம் நகர்ந்தார்கள். புதுக்கோட்டையின் அச்சுக்காலம் மெல்ல வடிந்தது.

இந்த வாழ்க்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் திறமையைவிட வேறொன்று கண்ணில் படுகிறது. ஒரு பத்திரிகை நின்று அடுத்தது கிடைக்கும் வரை உள்ள மாதங்களை யார் தாங்கினார்கள் என்பதே அது. வல்லிக்கண்ணன் திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் குடும்பத்தோடுதான் அவருடைய வாழ்க்கை நடந்தது. அந்தக் குடும்பத்தின் சோறு இல்லையென்றால் அவ்வளவு எழுத்து வந்திருக்காது. கண்ணதாசனைத் தாங்கியது சினிமா. ‘திருமகளு’க்குப் பிறகு ‘திரை ஒலி’, அதன் பின் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சார்ந்த ‘சண்டமாருதம்’ என்று போய் 1949இல் ‘கன்னியின் காதலி’ படத்துக்குப் பாட்டு எழுதினார். தமிழ்நாட்டில் எழுத்தாளன் ஒரு வேலையை விட்டால் போய்ச் சேரப் பெரிய சந்தை ஒன்று எப்போதும் இருந்தது: பத்திரிகை, சினிமா, மேடை, பிற்காலத்தில் தொலைக்காட்சி. சேர்ந்தவர்கள் சிலர். சேர முடியாமல் நடுவில் விழுந்தவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. சினிமாவை நம்பிப் போன புதுமைப்பித்தன் 1948இல் நாற்பத்திரண்டு வயதில் நோயோடும் வறுமையோடும் முடிந்துபோனார்.

சம்பளம் இருந்த ஊர்

இலங்கையில் கதை வேறு. அங்கேயும் பத்திரிகை முதலாளிகள் இருந்தார்கள். முதல் பெரிய முதலாளி செட்டிநாட்டுக்காரர்தான். ஆவணிப்பட்டி பெ. பெரி. சுப்பிரமணியம் செட்டியார் 1930 ஆகஸ்டில் கொழும்பில் ‘வீரகேசரி’யைத் தொடங்கினார். புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் அச்சகம் வைத்த அதே வணிக உலகம் கொழும்பிலும் அச்சகம் வைத்தது. எழுதவும் இங்கிருந்தே ஆட்கள் போனார்கள். எச். நெல்லையா, வ. ரா., கே. பி. ஹரன், கே. வி. எஸ். வாஸ் என்று அதன் ஆசிரியர் குழு நீண்ட காலம் தமிழகத்தவர்களால் நிறைந்திருந்தது. ஒரு தமிழ்நாட்டுப் பத்திரிகைக்காரருக்கு 1930களில் கொழும்பு என்பது மதுரைக்கு அப்பால் இன்னொரு வேலை ஊர். ஹரன் 1959இல் யாழ்ப்பாணத்துக்குப் போய், புதிதாகத் தொடங்கிய ‘ஈழநாடு’ பத்திரிகையின் ஆசிரியராகி இருபது ஆண்டு இருந்தார்.

கொழும்பு நாளிதழ்களின் நாற்காலிகளில் கணிசமானவை இப்படி நிறைந்திருக்க, இலங்கை எழுத்தாளன் எங்கே போனான்? பள்ளிக்கூடத்துக்கும் அரசு அலுவலகமான கச்சேரிக்கும் போனான். சிறுகதை முன்னோடிகள் மூவரையே பாருங்கள். சம்பந்தன் ஆசிரியர். சி. வைத்திலிங்கம் அரசாங்க உத்தியோகத்தர். இலங்கையர்கோன் காரியாதிகாரி. அடுத்த தலைமுறையில் எஸ். பொன்னுத்துரை, நீலாவணன், கனக செந்திநாதன் ஆசிரியர்கள். மஹாகவி எழுதுவினைஞராகத் தொடங்கி நிருவாக சேவைக்கு உயர்ந்தார். நாவல்களாக எழுதிக் குவித்த செங்கை ஆழியான் அரச நிருவாகத்தில் பெரிய பதவிகள் வகித்தார். மாதக் கடைசியில் திறைசேரியின் சம்பளம் வரும். ஓய்வுக்குப் பின் பென்ஷன் வரும். நடுவில் எழுதலாம்.

எழுதுவதற்குக் காசு வராது என்பதும் அதே அளவுக்கு உறுதி. யாழ்ப்பாணத்தின் ‘மறுமலர்ச்சி’ முதல் ‘மல்லிகை’ வரை சிற்றிதழ்கள் எழுதியவர்களுக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இருந்ததில்லை. புத்தகம் போடுவதும் எழுத்தாளரின் கைக்காசில்தான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தேவைப்பட்டால் நகையை அடகு வைத்து ஐந்நூறு பிரதி அச்சடிப்பார். அப்புறம் வெளியீட்டு விழா. முதற் பிரதியை ஊர் வர்த்தகப் பிரமுகர் வாங்குவார். சிறப்புப் பிரதிகளை அதிபரும் வைத்தியரும் சட்டத்தரணியும் வரிசையில் வந்து, பணம் வைத்த உறையைக் கொடுத்து வாங்குவார்கள். புத்தகத்தின் விலையைவிட உறையில் இருப்பது அதிகம். அச்சுக்கூலி பெரும்பாலும் அந்த மாலையிலேயே தேறிவிடும். தமிழ்நாட்டுப் பதிப்பாளர் நூலக ஆணை வருமா என்று காத்திருக்கிற இடத்தில், இலங்கை எழுத்தாளர் தன் ஊராரை நம்பினார்.

ஜீவா இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே இருந்தவரும் அல்லர், வெளியே நின்றவரும் அல்லர். ஆசிரிய நியமனமும் கச்சேரி நாற்காலியும் படித்த, பெரும்பாலும் சாதியில் மேலே இருந்த குடும்பங்களுக்கு எட்டியவை. அவருக்கு எட்டியது சலூன். ஆனால் தத்துவம் ஒன்றுதான்: எழுத்துக்கு வெளியே ஒரு வருமானம், அந்த வருமானத்தில் எழுத்து. இதழைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். சந்தை தந்தது குறைவு, வாசகர் தந்த சந்தாதான் துணை. போரும் இடப்பெயர்வும் குறுக்கிட்டும் மல்லிகை 2012 வரை வந்து நானூறு இதழைத் தொட்டது. தமிழ்நாட்டில் புகழ்பெற்ற எத்தனையோ இலக்கிய இதழ்கள் நாலைந்து ஆண்டைத் தாண்டவில்லை. முதலாளிக்கு நட்டம் வந்ததும் அவை நின்றன. நட்டத்தைத் தொடக்கத்திலேயே கணக்கில் எழுதிவிட்டவருடைய இதழ் நிற்கவில்லை.

அந்த ஏற்பாட்டுக்கும் எல்லை இருந்தது. சம்பளம் தருவது அரசாங்கம் என்றால் அரசாங்கத்தோடு முரண்படும் நாளில் சம்பளமும் போகும். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்த பிறகு தமிழ் உத்தியோகத்தரின் நிலம் நடுங்கத் தொடங்கியது. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாண நூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஆசிரியரும் எழுதுவினைஞரும் பத்திரிகையாளரும் லண்டனுக்கும் பாரிசுக்கும் டொரன்டோவுக்கும் சிதறினார்கள். அங்கேயும் பழைய வழக்கம் மாறவில்லை. பகலில் உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை, இரவில் சிற்றிதழ். புலம்பெயர் இலக்கியம் எழுந்தது எழுத்து வேலையால் அன்று, வேறு வேலையின் கூலியால்.

கோடு நேராக இல்லை

இராயவரத்தில் 1922இல் பிறந்த அழ. வள்ளியப்பா இலங்கை வழியில் நடந்த புதுக்கோட்டைக்காரர். இளமையில் ‘சக்தி’ காரியாலயத்தில் சேர்ந்தார். அங்கே காசாளர் வேலை. 1941இல் இந்தியன் வங்கிக்குப் போனவர் 1982இல் ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தார். நாற்பது ஆண்டு வங்கிச் சம்பளம் வாங்கிக்கொண்டே சிறுவர் பத்திரிகைகளை நடத்திக் கொடுத்தார், பாட்டு எழுதினார், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கினார். ஓய்வுக்குப் பிறகே ‘கோகுலம்’ சிறுவர் இதழின் ஆசிரியர் நாற்காலி. ‘சக்தி’ அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் வந்த அழகிரிசாமியின் வாழ்க்கையோடு ஒப்பிட்டால் எவ்வளவு தூரம்! அழகிரிசாமி 1970இல் ‘சோவியத் நாடு’ அலுவலகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே நாற்பத்தேழு வயதுக்குள் மறைந்தார். அவருக்குச் சாகித்திய அக்காதெமி பரிசு வந்தது இறந்த பிறகு.

இலங்கையிலும் எழுத்தையே தொழிலாகப் பிடித்தவர்கள் உண்டு. ‘ஈழகேசரி’ ஆசிரியராக இருந்து வானொலிக்குப் போன சோ. சிவபாதசுந்தரம், லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தார். சில்லையூர் செல்வராசன் பத்திரிகை, வானொலி நாடகம், திரைப்பிரதி என்று எழுத்தை நம்பியே வாழ்ந்தார். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அங்கே எழுதத் தெரிந்தவர்களுக்குக் கிடைத்த சிறிய சினிமா. ஆனால் அந்தக் கதவு சிலருக்கு மட்டுமே திறந்தது.

எழுத்தின் தன்மையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. சந்தைக்கு எழுதியவரிடம் வேகம் வந்தது. வாசகனை இரண்டாம் வரியிலேயே பிடிக்கும் வித்தை வந்தது. எந்தப் பொருளையும் கேட்ட நீளத்தில் எழுதித் தரும் பழக்கம் வந்தது. சம்பளத்தில் நின்று எழுதியவருக்குப் பிடிவாதம் வாய்த்தது. விற்காது என்று தெரிந்தும் தன் ஊர்ப் பேச்சில், தன் ஊர்ச் சிக்கலை எழுத முடிந்தது. ஈழத்துச் சாதிப் போராட்ட நாவல்களை எழுதிய கே. டானியல் பட்டறைத் தொழில் செய்தவர். அவர் எந்த ஆசிரியரின் பக்க அளவுக்கும் காத்திருக்கவில்லை. அதற்கு விலையும் உண்டு. செம்மையாக்குபவர் இல்லாமல், அடுத்த வாசகரைப் பற்றிய கவலை இல்லாமல் அச்சேறிய நூல்கள் அங்கே ஏராளம்.

விண்ணப்பத்தில் கேட்பவை

இன்றைக்கு வருவோம். எழுத்து வேலை மாற நினைப்பவரிடம் இரண்டு நாடும் கேட்கும் தாள்கள் வெவ்வேறு.

இலங்கை விண்ணப்பத்தில் முதலில் நிற்பது பரீட்சைப் பெறுபேறு. சாதாரண தரத்தில் மொழிக்கு என்ன சித்தி, உயர்தரத்தில் எந்தப் பிரிவு என்று நாற்பது வயதுக்காரரும் எழுதுகிறார். கடைசியில் உறவினர் அல்லாத இரண்டு பேரின் பெயரும் முகவரியும். பல இடங்களில் கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் தேவை. ஆளை ஊர் அறியுமா என்பதே அங்கே கேள்வி. இந்தியாவில் கேட்பது பழைய முதலாளியின் தாள்கள்: அனுபவச் சான்று, ரிலீவிங் லெட்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஆளைச் சந்தை அறியுமா என்பது இங்கே கேள்வி.

புதுக்கோட்டையின் கண்டென்ட் ரைட்டர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். மாமன்னர் கல்லூரியிலோ அரசு மகளிர் கல்லூரியிலோ பட்டம் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். கோயம்புத்தூர் ஏஜென்சி ஒன்றுக்கு நகைக்கடை விளம்பர வாசகம், பெங்களூர் ஆப் ஒன்றுக்குத் தமிழாக்கம், யாரோ ஒரு யூடியூபருக்கு ஸ்கிரிப்ட், போட்டித் தேர்வுக் கையேட்டுக்கு நூறு பக்கம் என எழுதுகிறார். கூலி வார்த்தைக்கு இத்தனை பைசா, அல்லது வீடியோவுக்கு இவ்வளவு. யு.பி.ஐ.யில் பணம் வந்துவிடும். ஆனால் பெயர் எங்கும் இருக்காது. ரகசியம் காக்கச் சொல்லி ஒப்பந்தம் இருந்தால், இதை எழுதியவர் நான்தான் என்று அடுத்த ஏஜென்சியிடம் காட்டவும் முடியாது. சம்பளச் சீட்டு கிடையாது, ரிலீவிங் லெட்டர் கிடையாது. ஐந்தாண்டு எழுதியவரும் புது ஆள் போல நின்று ‘சாம்பிள்’ எழுதித் தர வேண்டியிருக்கிறது, அதுவும் இலவசமாக. பல நேரம் அந்தச் சாம்பிள் வேறெங்கோ பயன்படுகிறது, பதில் வருவதில்லை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, இயந்திரம் எழுதியதைத் திருத்திக் கொடுங்கள், பாதிக் கூலி போதும் என்ற பேச்சும் சேர்ந்திருக்கிறது.

கொழும்பில் இதே வேலைக்கு இன்னொரு முகம். 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு தமிழும் அரசகரும மொழி. அரசின் சுற்றறிக்கை, படிவம், விளம்பரம் எல்லாம் மும்மொழியில் வர வேண்டும் என்பது விதி. நடைமுறை எப்படி இருந்தாலும் அந்த விதியால் தமிழில் எழுதுபவருக்கு ஒரு வாசல் திறந்தது. திறந்தது மொழிபெயர்ப்பு வாசல். விளம்பரம் முதலில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பிறக்கும், தமிழ் மூன்றாவதாக வந்து பெட்டியை நிரப்பும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பதிவு இருந்தால் முத்திரையோடு தனியே தொழில் செய்யலாம். முத்திரையில் பெயர் இருக்கும், பெயருக்குப் பொறுப்பும் இருக்கும். இந்தியக் கண்டென்ட் சந்தையில் இல்லாத ஒன்று இது. மற்றபடி இலங்கையின் படித்த இளைஞர் இன்னும் அரச அறிவிப்புகள் வரும் வர்த்தமானியைத்தான் பார்க்கிறார். பட்டதாரிகள் அரச நியமனம் கேட்டு வீதியில் இறங்குவதும், அரசு அவ்வப்போது அவர்களை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக எடுப்பதும் அங்கே பழகிய காட்சி. எழுத்து, நியமனம் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம்.

புதுக்கோட்டையிலும் இந்த மனப்போக்கு பெருகியிருக்கிறது என்பது கவனிக்கத் தக்கது. எழுதும் கை உள்ள பலர் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையத்தில் இருக்கிறார்கள். மாவட்டத்தின் இலக்கியக் கூட்டங்களை நடத்துபவர்களில் பள்ளி ஆசிரியர்கள் முக்கியமானவர்கள். ஞானாலயா என்ற தனியார் நூலகத்தில் பழைய இதழ்களையும் முதற்பதிப்புகளையும் சேர்த்துக் காத்த பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி கிருஷ்ணமூர்த்தி தம்பதியும் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர்களே. திருமகளும் பொன்னியும் பிறந்த மண்ணில், எழுத்தை இன்று தாங்கி நிற்பது சம்பளக்காரர்களின் கைக்காசு. அந்த அளவுக்குப் புதுக்கோட்டை யாழ்ப்பாணத்தை நெருங்கியிருக்கிறது.

இரண்டு வழியும் அடைபட்டவர்

இரண்டு நாட்டு வழக்கமும் இந்த மாவட்டத்திலேயே ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன. திருமயம் வட்டத்தின் லேணாவிளக்கு, ஆலங்குடிப் பக்கம் தோப்புக்கொல்லை, அறந்தாங்கி அருகே அழியாநிலை ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்து பட்டம் முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. எனவே அரசுத் தேர்வு எழுத முடியாது. பெற்றோரின் தலைமுறைக்கு எழுத்தைத் தாங்கிய ஆசிரிய நியமனம் என்ற தூண் இவர்களுக்குக் கிடையாது. தனியார் நிறுவனத்தில் சேரவும் அடையாளத் தாள்கள் தடுக்கின்றன. வீட்டிலிருந்து செய்யும் எழுத்து, மொழிபெயர்ப்பு, டைப்பிங் போன்றவை எஞ்சியவற்றில் சில. இலங்கைத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் காதுக்குப் பழகியவர்கள் இவர்கள். இரண்டு நாட்டு வாசகருக்கும் எழுதித் தரக்கூடிய கை. அந்தத் திறனுக்குச் சுயவிவரத்தில் ஒரு கட்டம் இல்லை.

இவர்களை விதிவிலக்காக ஒதுக்கிவிடக் கூடாது. குடியுரிமைச் சிக்கலை மட்டும் நீக்கிவிட்டுப் பார்த்தால் பொதுவான கண்டென்ட் ரைட்டரின் நிலையும் இதற்கு மிகத் தொலைவில் இல்லை. கண்ணதாசனுக்கு முகம் பார்த்து வேலை கொடுத்த முதலாளி இருந்தார். வள்ளியப்பாவுக்கு வங்கி இருந்தது, சம்பந்தனுக்குப் பள்ளி இருந்தது, ஜீவாவுக்குச் சலூன் இருந்தது. ஆப் வழியாக வேலை வாங்கி ஆப் வழியாகவே அனுப்புகிறவருக்கு முதலாளியின் முகமும் தெரியாது, மாதச் சம்பளமும் வராது. இரண்டு வேலைகளுக்கு நடுவே விழும் மாதங்களை அவர் தனியாகச் சுமக்கிறார்.

அரசுகள் செய்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு. பெரிய விருது பெற்ற எழுத்தாளருக்குக் கனவு இல்லத் திட்டத்தில் வீடு உண்டு. இலங்கையில் அறுபதைத் தாண்டிய கலைஞருக்குக் கலாபூஷணம் விருது உண்டு. எல்லாம் நல்லவை. ஆனால் இரண்டு அரசும் எழுத்தாளரைத் தேடி வருவது தலை நரைத்த பிறகு. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் செய்தித்தாள் நிறுவனங்களின் பணியாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வார்த்தைக் கூலிக்கு எழுதுபவரை அது நினைத்துப் பார்த்ததில்லை. இலங்கையில் ஊழியர் ஒருவரே இருந்தாலும் முதலாளி ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். இந்தியாவில் வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுவாக இருபது பேர் வேண்டும். இரண்டு நாட்டிலும் ‘ஃப்ரீலான்ஸ்’ என்று சொல்லிவிட்டால் அந்தக் கணக்கே எழாது.

ஆகவே புதிய வேலை தேடும் எழுத்தாளருக்குக் கடலின் இரு கரையிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துச் சொல்லலாம். இலங்கையிலிருந்து எடுக்க வேண்டியது: எழுத்துக்கு வெளியே சிறிய வருமானம் ஒன்றை அவமானமாக நினைக்காமல் வைத்துக்கொள்வது. ஜீவா சலூனை மறைக்கவில்லை, அதையே தன் அடையாளமாக்கினார். தமிழ்நாட்டிலிருந்து எடுக்க வேண்டியது: பெயர் இல்லாமல் எவ்வளவு எழுதினாலும் பெயரோடு கொஞ்சமாவது எழுதிக்கொண்டே இருப்பது. வல்லிக்கண்ணன் பத்துப் பெயரில் பக்கம் நிரப்பினாலும் ஒரு பெயரைத் தனக்காக வளர்த்தார். பின்னாளில் அவரைத் தேடி வந்தவர்கள் அந்தப் பெயரைத் தேடித்தான் வந்தார்கள்.

தனி ஆள் செய்துகொள்ளக் கூடியது அவ்வளவுதான். மீதி, வேலை கொடுப்பவர் பக்கம் இருக்கிறது. கேட்க வேண்டியவை பெரியவை அல்ல. மாதிரிக் கட்டுரை எழுதச் சொன்னால் அதற்குக் கூலி. ரகசிய ஒப்பந்தம் போட்டாலும், இன்னார் இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை எங்களுக்குத் தமிழில் எழுதினார் என்று ஒரு பக்கச் சான்றுக் கடிதம். நீண்ட வேலைக்கு முன்பணம். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் 1950இல் சங்கம் வைத்தார்கள். இலங்கையின் முற்போக்கு எழுத்தாளர்கள் 1954இல் சங்கம் வைத்தார்கள். வார்த்தைக் கூலிக்கு எழுதுகிறவர்கள் ஒரு மாவட்ட அளவிலாவது சேர்ந்து இந்த மூன்றைக் கேட்டால், ஏஜென்சிகளுக்கு மறுக்கக் காரணம் கிடைப்பது கடினம். தனித்தனியாகக் கேட்கும்வரை, பாதிக் கூலிக்குச் சம்மதிக்கும் அடுத்த ஆள் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருப்பார்.